பெயரும் நினைவும்

கலசப்பாக்கத்தில் ஒருவர் ஆரணிப் பட்டு விற்கும் இணையதளத்தின் பெயரைக் கைப்பேசியில் தட்டச்சு செய்கிறார் எனக் கொள்வோம். கணினிகள் எண் முகவரியால்தான் ஒன்றையொன்று அடைகின்றன. பெயரை எண்ணாக்கித் தருவது களப்பெயர் முறைமை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் இதனை வடிவமைக்கும்வரை, வலைப்பின்னலில் இருந்த கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஆங்காங்கே படியெடுக்கப்பட்டு வந்தன.

கைப்பேசி கேட்ட பெயரைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர்ச் சேவையகம் தேடித் தருகிறது. விடையைச் சிறிது காலம் தன் நினைவிலும் தேக்கிக்கொள்கிறது. அடுத்தவர் அதே பெயரைக் கேட்டால் மீண்டும் தேடவேண்டியதில்லை. இத்தேக்கம் எத்தனை நொடி நீடிக்கலாம் என்பதை, முதலில் விடையளித்த சேவையகமே விடையுடன் சேர்த்துச் சொல்லிவிடும்.

முகவரி மாறாத கடைக்கு நீண்ட காலம் பொருந்தும். தலைமைக் கணினியே இல்லாத பிட்காயின் போன்ற வலைப்பின்னல்களில் நிலைமை வேறு. புதிதாகச் சேரும் கணினி யாரை முதலில் அணுகுவது? அதற்கெனச் சில ‘வித்துச் சேவையகங்கள்’ உள்ளன. இவை இயங்கும் கணினிகளை ஓயாது சோதித்து, அவற்றுள் சிலவற்றின் முகவரிகளைத் தருகின்றன. அக்கணினிகள் எப்பொழுது வேண்டுமானாலும் அணைக்கப்படலாம். பழைய விடை உறங்கும் வீட்டின் கதவைத் தட்டவைக்கும்.

எனில் தேக்கமே வேண்டாம் எனலாமா? கூடாது. ஒவ்வொரு கேள்வியும் நேரே வந்தால், சேவையகத்தை நடத்துபவர் ஒருவருக்கு மட்டும் வேறு விடை தந்து, தம் கணினிகளிடமே அவரைச் சிக்கவைக்க இயலும். இடையில் பலருக்கும் பொதுவான தேக்கம் இருந்தால் அவ்வாறு ஒருவரைப் பிரித்தெடுப்பது கடினம். விடை குறைந்தது ஒரு நிமிடமேனும் தேக்கத்தில் இருக்கவேண்டும் எனப் பிட்காயினின் முதன்மை மென்பொருளை உருவாக்குவோர் வித்துச் சேவையகங்களுக்கு விதித்திருப்பது இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. மிகச் சிறிய விதி. ஆயினும் கேட்பவருக்குக் காப்பு.

பெயர்க் கேள்விகள் வந்துசேரும் வாயில் 53ஆம் எண். அதனைத் திறக்கப் பல இயங்குதளங்களில் நிருவாகி உரிமை தேவை. வெளியுலகத்தோடு ஓயாது பேசும் வித்து நிரலுக்கு அவ்வுரிமையை அளிப்பது பாதுகாப்பன்று. எனவே தேர்ந்த பெயர்ச் சேவையக மென்பொருள் ஒன்றை முன்னே நிறுத்துவர். அது கேள்வியைப் பெற்று, உள்ளே வேறு வாயிலில் காத்திருக்கும் நிரலுக்கு அனுப்பி, வரும் விடையைத் தேக்கிக்கொள்ளும். தனக்குரிய களப்பெயர் பற்றிய கேள்விகளை மட்டுமே அது ஏற்கவேண்டும். எல்லாப் பெயருக்கும் விடை தேடித் தந்தால், பிறர் முகவரியைப் பொய்யாக இட்டுச் சிறு கேள்வி அனுப்புவோர், பெருகிவரும் விடைகளை அம்முகவரிக்கு உரியவர்மேல் கொட்டச் செய்வர்.