ஒரு பூஜ்யம் கூடினால்

கேள்வி: மொபைலில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆடுகிறேன். இன்னொரு ஆட்டக்காரரிடம் நேரடி டிரேடில் ஒரு பொருள் வாங்கினேன். பேசிய விலை 10 லட்சம் காயின். அவசரத்தில் பூஜ்யம் ஒன்று கூடி, ஒரு கோடி போய்விட்டது. ஆள் உடனே லாக்-அவுட். பணம் திரும்பக் கிடைக்குமா? இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன வழி?

– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கிடைக்காது. இரு தரப்பும் 'அக்செப்ட்' கொடுத்த டிரேடை, ஆட்டத்தை நடத்தும் ஜாஜெக்ஸ் நிறுவனம் திருப்பித் தருவதில்லை. அந்த ஆள் மனம் இரங்கினால்தான் உண்டு. லாக்-அவுட் ஆன வேகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி பூஜ்யமே தட்டாதீர்கள். தொகை கேட்கும் பெட்டியில் எழுத்தும் செல்லும். லட்சத்துக்கு 100k, பத்து லட்சத்துக்கு 1m, கோடிக்கு 10m, நூறு கோடிக்கு 1b. பதினைந்து லட்சம் வேண்டுமா, 1500k. வரிசையாக நிற்கும் ஆறு பூஜ்யத்துக்கும் ஏழு பூஜ்யத்துக்கும் வித்தியாசம் கண்ணில் படாது. 1m, 10m என்றால் பட்டென்று தெரியும். ஒரே ஒரு ஆபத்து, விசைப்பலகையில் k-யும் m-மும் பக்கத்து வீட்டுக்காரர்கள். விரல் வழுக்கினால் தொகை ஆயிரம் மடங்கு. கையில் இருப்பதைவிட அதிகமாகத் தட்டினால் ஆட்டம் மறுக்காது, இருப்பது அத்தனையையும் எடுத்து வைத்துவிடும்.

ஆகவே கையில் வைத்திருப்பதையே குறையுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான். டிரேடுக்குப் போகுமுன் ஆட்டத்துக்குள் இருக்கும் பேங்கிலிருந்து, பேசிய தொகையை மட்டும் எடுங்கள். அங்கே பூஜ்யம் கூடினால் நஷ்டமில்லை, திரும்பப் போட்டுவிடலாம். பத்து லட்சத்தோடு போனவரிடமிருந்து ஒரு கோடி எப்படிப் போகும்?

அடுத்து நிறம். ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் காயின் மேல் உள்ள எண் மஞ்சள். லட்சத்திலிருந்து வெள்ளை. கோடியைத் தொட்டால் பச்சை. இங்கிலாந்துக்காரர்கள் செய்த ஆட்டம், நம் லட்சம் கோடிக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது! நீங்கள் தர நினைத்தது வெள்ளையில் 1000K. தந்தது பச்சையில் 10M. இரண்டாவது உறுதித் திரை வருவதும் இதைப் பார்க்கத்தான். எதிராளி "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே டிரேடை மூடுங்கள்.

எச்சரிக்கையைப் படிக்காமல் தட்டுவது விளையாட்டுப் பிள்ளைகளின் வியாதி மட்டுமல்ல. 2005 டிசம்பரில் ஜப்பானின் மிசுஹோ செக்யூரிட்டீஸ் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில், ஜே-காம் நிறுவனப் பங்கு ஒன்றை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியவர், 6,10,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்கப் போட்டுவிட்டார். திரை எச்சரித்தும் ஆர்டர் போனது. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். விலை இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கை, எண்ணிக்கையின் இடத்தில் விலை.

ஆட்டத்தின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சிலும் இந்த இரண்டு கட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கீழே மொத்தத் தொகை வரும். அதைப் படித்துவிட்டு உறுதி செய்யுங்கள். அதிக விலைக்குக் கேட்டாலும், குறைந்த விலையில் விற்பவர் காத்திருந்தால் மிச்சம் திரும்பி வரும் என்பது அங்கே ஒரு சலுகை. அதை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. யாரும் அதிகம் வாங்காத பொருளில், இப்படிக் கை தவறுபவருக்காகவே அநியாய விலையில் ஆஃபர் போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. தவறு தெரிந்த நொடியில் ஆஃபரை ரத்து செய்யுங்கள். அதுவரை கைமாறாத பாக்கி முழுசாகத் திரும்பும், கைமாறியது கைமாறியதுதான்.