கார்டு பெட்டி எங்கே?

தினமும் அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகிறேன். எக்ஸ்பிரஸ் ரயிலில் கார்டுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. எங்கள் ரயிலில் காணோமே! பிரேக் டிரைவர் கையில் மட்டும்தானா?
– வாசகர், அம்பத்தூர்

இல்லை, கவலையை விடுங்கள். மின்சார ரயிலின் இரு முனையிலும் ஓட்டுநர் கேபின் உண்டு. பின்கேபின்தான் கார்டின் இடம். அவர் மணி அடித்தால்தான் முன்னே இருப்பவர் வண்டியை எடுப்பார். சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குத் திரும்பும்போது வால் தலையாகிவிடும். கார்டு மறுமுனைக்கு நடக்க வேண்டியதுதான்!

பல எக்ஸ்பிரஸ்களில் எஸ்.எல்.ஆர். (இருக்கையும் சுமையிடமும் சேர்ந்த) பெட்டியில் கார்டு அறை இருக்கும். உள்ளே அழுத்தமானி, அவசர பிரேக் வால்வு, கையால் சுற்றும் பிரேக் சக்கரம். வண்டி நெடுகிலும் ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் இருக்கும்வரை சக்கரங்கள் சுதந்திரமாக உருளும். அது குறைந்தால் பிரேக் பிடிக்கும். கார்டு வால்வைத் திறந்தாலும் சரி, இணைப்பு அறுந்து பெட்டி கழன்றாலும் சரி, காற்று வெளியேறி வண்டி நின்றுவிடும்.

இப்படி கார்டு அறையும் பிரேக்கும் உள்ள பெட்டிதான் பிரேக் வேன். பிரேக் வேனோ கைபிரேக் உள்ள பெட்டியோ இல்லாத ரயிலை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே விடக்கூடாது என்பது பொதுவிதி. அவசரத்துக்கும் தனி உத்தரவுக்கும் விலக்கு உண்டு. 2022-ல் கார்டுக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றினார்கள். வேலை அதேதான்.