காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: அனிமேஷனும் கேம் உருவாக்கமும் கற்க ஆசை. கையில் பணம் குறைவு. எந்த மென்பொருளை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அனிமேஷனுக்கு பிளெண்டர், கேமுக்கு கோடோ. இரண்டும் முழுக்க இலவசம், திறந்த மூலம். இலவசம் என்றால் தரம் குறைவு என்ற எண்ணத்தை லாட்வியப் படமான 'ஃப்ளோ' உடைத்துவிட்டது. பிளெண்டரில் உருவான அந்தப் படம் 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. கேம் விஷயத்தில் உரிமமும் முக்கியம். 2023 செப்டம்பரில், கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் நிறுவனம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் கேம்களுக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. கடும் எதிர்ப்பு கிளம்ப, மறு ஆண்டு அதைக் கைவிட்டது. கோடோவின் எம்ஐடி உரிமத்தில் அந்தக் கவலையே இல்லை; விற்பனையிலும் பங்கு கேட்க மாட்டார்கள்.

'ஸ்டுடியோக்களில் மாயா என்ற அனிமேஷன் மென்பொருளைத்தானே கேட்கிறார்கள்?' என்பீர்கள். பல இடங்களில் உண்மைதான். ஆனால் அடிப்படை எங்கும் ஒன்றுதான்; பிளெண்டரில் துள்ளும் பந்து ஒன்றைச் செய்து பாருங்கள். அசைவை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில், தரையைத் தொடும் கீஃப்ரேமில் வளைவு கூர்மையாக இருந்தால்தான் பந்து துள்ளும். வழவழப்பாக விட்டால் மிதக்கும். இந்தக் கணக்கு மாயாவிலும் அதேதான். மாணவர்களுக்கு மாயா கல்வி உரிமம் இலவசமாகவே கிடைக்கிறது. வேலை தேடும்போது மாறிக்கொள்ளலாம். மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் கணினியின் ரேமைக் கூட்டுங்கள்.