டயர் சொல்லும் எண், வண்டி சொல்லும் எண்

கோலார் தங்கவயல் அருகே ஒரு பால்காரர் இருந்தார். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பால் கேன்களைக் கட்டுவார். தெருத் தெருவாகப் போய்ப் பால் ஊற்றுவார்.

வண்டியின் டயர்கள் தேய்ந்து போயின. கடன் வாங்கி இரண்டு புது டயர் வாங்கினார். டயரின் பக்கத்தில் 41 என்ற எண் இருந்தது. "இரண்டிலும் 41 பவுண்டு காற்று அடியுங்கள்" என்றார். கடைக்காரரும் அடித்தார்.

மறுநாள் வண்டி குதித்துக் குதித்து ஓடியது. ஈரமான சாலையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பால்காரர் பிரேக் போட்டார். சக்கரம் வழுக்கியது. வண்டி சாய்ந்தது. ஒரு கேன் பால் முழுவதும் தரையில் கொட்டியது. நல்ல வேளை, அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று.

"புது டயரே சரியில்லை" என்று வீட்டில் புலம்பினார்.

அவர் மனைவி மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். வண்டியைக் கழுவும்போது செயின் கவரில் ஒரு ஸ்டிக்கரைப் பார்த்தார். சேற்றைத் துடைத்துப் படித்தார்.

"என்னங்க, இதில் 41 இல்லையே. 25, 28, 36 என்றுதானே இருக்கிறது?"

மறுநாள் காலை, பால் எடுக்கும் முன்பே பால்காரர் தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனார். கடைப் பெரியவர் விளக்கினார்.

"தம்பி, டயரில் இருக்கும் எண் மேல் எல்லை. அந்த டயர் அதற்கு மேல் தாங்காது என்று அர்த்தம். அவ்வளவு அடிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு அடிப்பது என்பதை வண்டிதான் சொல்லும். உன் வண்டிக்கு முன்னால் 25. பின்னால் ஒரு ஆள் போனால் 28. இரண்டு பேர் போனால் 36. உன் கேன்களும் ஓர் ஆள் கனம் இருக்கும். அதனால் பின்னால் 36 வை."

"காற்று கூடினால் என்ன ஐயா?"

"டயர் உப்பிக்கொள்ளும். நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும். பிடிப்பு குறையும். நடுவில் சீக்கிரம் தேயும். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். டயர் மடங்கி மடங்கிச் சூடாகும். பெட்ரோல் அதிகம் செலவாகும். பாரத்தோடு வேகமாகப் போனால் வெடிக்கவும் கூடும். இன்னொன்று, புது டயர் முதல் சில நாள் வழவழப்பாக இருக்கும். மெதுவாகப் போ."

பெரியவர் கேஜ் வைத்து அளந்தார். முன்னால் 25, பின்னால் 36 என்று சரி செய்தார். வால்வில் எச்சில் தொட்டு வைத்தார். குமிழி வரவில்லை. காற்று கசியவில்லை. மூடியைத் திருகினார்.

"ஒரு வாரம் கழித்து மறுபடி வா. காலையில் டயர் ஆறியிருக்கும்போது வா. வண்டி ஓடினால் டயர் சூடாகும். உள்ளே அழுத்தம் கூடும். அப்போது அளந்தால் அதிகமாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதே. ஆறியதும் குறைந்துவிடும்."

அன்று முதல் வண்டி குதிக்கவில்லை. எண்ணைப் படித்தால் மட்டும் போதாது, அது எதைச் சொல்கிறது என்றும் தெரிய வேண்டும் என்பது பால்காரருக்குப் புரிந்தது.

நினைவில் வையுங்கள்

1. ஒவ்வொரு வண்டிக்கும் எண் வேறு. ஸ்டிக்கரில் அல்லது வண்டியோடு தந்த புத்தகத்தில் பாருங்கள்.
2. வேறு அளவு டயர் போட்டால் எவ்வளவு காற்று என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.
3. ஓடிய வண்டியை மூன்று மணி நேரம் ஆறவிட்டு அளவுங்கள்.
4. மாதம் ஒரு முறையாவது அளவுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. டயரில் இருந்த 41 என்ற எண் எதைக் குறித்தது?
2. ஒரு டயர் இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கிறது. காரணம் என்ன?
3. உங்கள் வீட்டு வண்டியில் என்ன எண்கள் உள்ளன? பார்த்து எழுதுங்கள்.