டெக்சாஸில் பனி அடைத்துவிட்டால்...

டெக்சாஸ் வெயிலுக்குப் பழகிய மாநிலம். 2021 பிப்ரவரியில் அங்கே பனிப்புயல் அடித்தபோது மின்சாரம் போய், குழாய்கள் வெடித்தன. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். டாலஸ், ஹூஸ்டன் பக்கம் பிள்ளைகள் இருந்தால் இதைப் படித்துவைக்கச் சொல்லுங்கள்.

முதலில் உயிர் காக்கும் விஷயம். கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் கராஜிலும் பற்றவைக்கவே கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கராஜில் காரை ஓடவிட்டுக் குளிர்காய்வதும் அதே ஆபத்துதான். இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து 911-ஐ அழையுங்கள். ஜெனரேட்டரை வெளியே, வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். அங்கே பல வீடுகளில் அது பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடுவதால் சீக்கிரம் உறைந்துவிடும். குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிடுங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். மெயின் வால்வு எங்கே இருக்கிறது, எப்படி மூடுவது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உறைந்த குழாயில் தீ காட்டாதீர்கள்.

மின்சாரம் போனால் எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். ஃப்ரிட்ஜைத் திறக்காவிட்டால் உள்ளே இருப்பது 4 மணி நேரம் கெடாது. கழிப்பறைக்குப் பனியை உருக்கி ஊற்றலாம்.

பக்கத்து வீட்டில் முதியவர் தனியாக இருந்தால், தினமும் ஒருமுறை கதவைத் தட்டி விசாரியுங்கள்.