ஓட்டுக்கு ஓர் அட்டை

பெங்களூரு அல்சூரில் ஒரு பூக்காரம்மா. 1989இல் ஓட்டுப் போடப் போனார்.

"உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்களே!" என்றார் அலுவலர்.

பூக்காரம்மா கண் கலங்கித் திரும்பினார்.

இப்படிப்பட்ட கள்ள ஓட்டைத் தடுக்க வேண்டும். அதற்காக 1993இல் புகைப்பட அடையாள அட்டை வந்தது. அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் அதில் கண்டிப்பாக இருந்தார். செலவு அதிகம் என்று சில மாநிலங்கள் தயங்கின.

அட்டை இல்லாத ஏழை எப்படி ஓட்டுப் போடுவார்? இந்தக் கேள்வியும் நியாயமே. ஆகவே இன்று ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் போன்றவற்றில் ஒன்றைக் காட்டினாலும் போதும்.

ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். பெயர் இல்லை என்றால் அட்டை இருந்தும் பயன் இல்லை.

உங்கள் பெயர் இருக்கிறதா? தேர்தலுக்கு முன்பே பாருங்கள்.