கொலு பொம்மைக்கு வண்ணம்: சேர்ந்து தீட்டினால் நேரம் மிச்சம்



நம்ம திருத்தணியில் ஆடிக் கிருத்திகை முடிந்தால் அடுத்து நவராத்திரி. எல்லை தாண்டினால் ஆந்திராவில் சங்கராந்திக்கும் கொலு வைப்பார்கள். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு போல நாமும் பொம்மைக்கு வண்ணம் தீட்டலாம். இந்த வேலை எடுக்கும் குழுக்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்:

1. கல்யாண செட்டில் 20 பொம்மை, 5 வண்ணம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொம்மையாக முடித்தால் பிரஷ்ஷை 100 தடவை கழுவணும். ஒரு வண்ணத்தை இருபதுக்கும் தீட்டிவிட்டு அடுத்ததை எடுத்தால் 5 தடவைதான். அதற்குள் முதல் பொம்மையும் காய ஆரம்பித்துவிடும்.

2. செட் முழுவதற்கும் வேண்டிய வண்ணத்தை ஒரே தடவையில் கலக்குங்கள். மறுபடி கலந்தால் நிறம் மாறும். கடைக்காரர் செட்டையே திருப்பிவிடுவார்.

3. முதலில் வெள்ளை, பிறகு உடல் நிறம், துணி, நகை. கண் திறப்பது கடைசியில். கை நடுங்காத ஒருவரே செய்யட்டும்.

4. இந்த முறையில் 'இது நான் செய்த பொம்மை' என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் கூலியை வேலை நேரப்படி நோட்டில் எழுதிப் பிரியுங்கள். கண் திறப்பவருக்குக் கூடுதலா, சமமா? வேலை தொடங்கும் முன்பே கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்!